கடதாசியோடு நீங்கள் போன ஆற்றங்கரை ஊர்

சூசை அண்ணை, எனக்கு வாய்த்த மூத்தவரே,

நீங்கள் போய் இரண்டரை வருடமாகிறது. இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும்தானே? ஓ.எல். சோதனையில் இரண்டு தரம் குந்தியெழும்பி, தமிழில் மட்டும் தேறியவன் நான். அதுவும் தாள் திருத்தியவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருப்பார்.

ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும். உங்களுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது போன மாதந்தான் எனக்குத் தெரிய வந்தது.

முதலில் வீட்டுப் புதினம். என் மகள் டிலானிக்குப் பதினெட்டு வயது. நீங்கள் ஞானத்தகப்பனாக நின்ற பிள்ளை மருந்தாளராக வருவாள், வெள்ளைக் கோட் போடுவாள் என்று கோயிலடியில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். வெள்ளைக் கோட் போடத்தான் போகிறாள், மாட்டுத் தொழுவத்தில். மிருகங்களைப் பராமரிக்கிற படிப்பாம். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது தெரியுமோ? செயின்ட் ஹையசின்ட்டில். நாங்கள் கெக்கரிக்காய் ஆய்ந்த அதே ஊர். நாங்கள் பேரைச் சொல்கிற மாதிரிச் சொன்னால் அவள் காதைப் பொத்துகிறாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். கனடாவுக்கு வந்த புதிதில், மொன்றியல் கோட்-டெ-நெய்ஜ் சந்தியில் விடிய முதல் வான் வந்து நிற்கும். பதினைந்து பேர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நித்திரைத் தூக்கத்தோடு போவோம். ஊருக்குள் வான் நிற்காது. தேவாலயக் கோபுரமும், பாலத்துக்குக் கீழே யமாஸ்கா ஆற்றின் ஒரு துண்டும் கண்ணில் பட்டு மறையும். பிறகு வயல்தான். இரண்டு கோடை அங்கே முதுகு வளைந்தோம், ஒருநாளும் அந்த ஊர்த் தெருவில் காலாற நடக்கவில்லை.

அந்த வயல்காரி மதாம் ஜிசேலை நான் "செத்தல் மிளகாய்" என்றுதான் சொல்வேன். நாங்கள் அடுக்கிய பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டி, "இது கூடாது, திரும்ப அடுக்கு" என்பாள். உங்களுக்கு மட்டும் அவளைப் பிடித்திருந்தது. "அந்த மனுசியின்ர வாயில சீனி இல்லை அமலன். உள்ளதை முகத்துக்கு நேர சொல்லும்" என்பீர்கள். சென்ட் லோரன்டில் எங்கள் இருவருக்கும் தொழிற்சாலை வேலை கிடைத்த பிறகும், ஒவ்வொரு நத்தாருக்கும் அவளுக்கு வாழ்த்து அட்டை போட்டது நீங்கள்தான். நான் சிரித்தேன். அவளுக்குப் போட்டு என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டேன்.

இனி அந்த ஒக்டோபர் மாதத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றிச் சுற்றி நிற்கிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு உங்களோடு மொழிபெயர்க்க வந்தவன் நான். என் பிரெஞ்சு எப்படிப்பட்டது? அரசாங்க வகுப்பில் ஏழு மாதம் இருந்தேன், ரீச்சர் என்னைப் பார்த்துக் களைத்துப்போய்ப் பாஸ் போட்டார். ஆனால் எங்கள் ஆட்களுக்குள்ளே "அமலனுக்கு பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு" என்று பேர். அந்தப் பேரை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. உங்களுக்கும் றோசம்மா அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை, வேறு யார் வருவது?

உள்ளே கூப்பிட முதல் அக்கா என்னை நடைவழிப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, ஏதும் கூடாத வருத்தம் எண்டால் அவருக்குச் சொல்லிப்போடாதை. பயந்திடுவார். எனக்குக் கண்ணைக் காட்டு, காணும்."

"ஓம் அக்கா" என்றேன். எங்கள் ஆட்களில் வேறு யாராவது என்றாலும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்? நாங்கள் வருத்தக்காரரிடம் நோயின் பேரைச் சொல்லாத சனம். அப்பாவுக்கும் சொல்லவில்லை, மாமிக்கும் சொல்லவில்லை. சொன்னால் அன்பில்லாதவன் என்று பேர்.

டொக்டர் உங்கள் கண்ணைப் பார்த்துப் பத்து நிமிடம் கதைத்தார். நல்ல மனிதர். எனக்கு விளங்க வேண்டும் என்று இலேசான சொற்களாகப் பார்த்துச் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது. வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் பிரெஞ்சு முழுதாக விளங்கியது, விளங்காமல் இருந்திருக்கலாம்.

"வயித்துக்குள்ள புண்ணாம் அண்ணை. கொஞ்சம் பெரிய புண்தானாம், மருந்து தருவினம்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அந்தாள் பத்து நிமிசம் கதைச்சுது. நீ ரெண்டு வசனத்தில முடிச்சுப்போட்டாய். பிரெஞ்சு சரியான நீட்டுப் பாசைதான்."

நான் சிரித்தேன் அண்ணை. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

"எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு கேள்" என்றீர்கள். கேட்டேன். ஆறு மாதம், அதற்கும் குறையலாம் என்றார் டொக்டர். நான் திரும்பி, "ஆறு மாசத்தில சுகமாம்" என்றேன். நான் கண்ணைக் காட்டியதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

வெளியே வரும்போது தாதி ஒரு கடிதம் தந்தார். "கடதாசியை இஞ்ச தா, என்ர வருத்தம்தானே" என்று வாங்கி உள் பொக்கற்றில் வைத்தீர்கள். உங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமையே கேட்டீர்கள். "ஒருக்கா அந்த ஆத்தங்கரை ஊருக்குப் போட்டு வருவமே? மதாமையும் பாக்கலாம்."

மனிதன் கடைசி ஆசை மாதிரிக் கேட்கிறாரே, கூட்டிக்கொண்டு போனால் விசயம் விளங்கிவிடுமே என்று பயந்தேன். குளிர்கால ரயர் மாற்றவில்லை என்றேன். இரண்டாம் தரம் கேட்டபோது ஓவர்ரைம் என்றேன். மூன்றாம் தரம், "சுகம் வரட்டும் அண்ணை, சித்திரைக்குப் பிறகு போவம்" என்றேன். சித்திரை என்று சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது? நீங்கள் கவனித்தீர்களோ?

"சரி" என்றீர்கள். நாலாம் தரம் கேட்கவில்லை. பங்குனியில் உங்களை அடக்கம் பண்ணினோம்.

இப்போது போன மாதம். பள்ளிக்கூடத்தைத் திறந்து காட்டுகிற நாள், டிலானி என்னை இழுத்துக்கொண்டு போனாள். புரோசார்ட் தாண்டியதும் வயல் தொடங்கியது. சோளம் வெட்டிய அடிக்கட்டைகள், எரு மணம். நான் ஜன்னலைப் பூட்டினேன், அவள் திறந்தாள்.

"அப்பா, இது நல்ல வாசம்."

"உனக்கு வாசம். நான் ரெண்டு வருசம் இதுக்குள்ள சோறு சாப்பிட்டனான்."

பள்ளிக்கூடத்தில் ஒரு பசு என் ஜக்கெற்றை நக்கியது. அதைப் பார்த்து டிலானி சிரித்த சிரிப்பிலேயே மருந்துக்கடைக் கனவு முடிந்தது. விட்டுவிட்டேன். பிறகு ஊரைப் பார்ப்போம் என்று நடந்தோம். அழகான சின்ன ஊர் அண்ணை. செங்கல் கட்டடங்கள், நடுவிலே பழைய சந்தை, சாய்ந்து இறங்கினால் ஆறு. எல்லாரும் "பொன்ஜூர்" சொல்கிறார்கள். உழவு மெசின் விற்கிற கடைக்குப் பக்கத்திலேயே கேக் கடை. வானுக்குள் இருந்து பதினைந்து வருடத்துக்கு முதல் பார்த்த ஊரா இது என்று இருந்தது.

சந்தைக்குள் "வித்! வித்!" என்று ஒரு சத்தம். கெதியாச் செய், கெதியாச் செய் என்று எங்களை விரட்டிய அதே சத்தம். என் முதுகு தானாகவே குனிந்துவிட்டது. மதாம் ஜிசேல்! தலை முழுக்க வெள்ளை, ஆனால் சத்தம் வெள்ளையாகவில்லை.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கெக்கரிக்காய், வான் என்று என் தண்ணிப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், அவள் உங்களைக் கூப்பிடுகிற பேரில், "ஜோசப்பின்ர சிநேகிதன்" என்றேன்.

கையில் இருந்த கத்தியை வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து ஒன்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று டிலானிக்கு விளங்கவில்லை, அப்படியே தமிழில் போட்டாள்.

"கார் வச்சிருக்கிற சிநேகிதன் நீங்களோ எண்டு கேக்கிறா அப்பா."

பிறகு மதாம் டிலானியின் பக்கம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினாள். நீட்டாக, கைகளை ஆட்டி, நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்து. கியூபெக் வயல்காட்டுப் பிரெஞ்சு, எனக்கு அங்கொன்று இங்கொன்றுதான் பிடிபட்டது. டிலானியின் முகம் வெளிறிக்கொண்டு போனது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அப்பா. பெரியப்பா ஒருக்கா இஞ்ச வந்தவராம். அவ்வளவுதான்."

"அவ்வளவு நேரமும் அதையே சொன்னவ?"

"வீட்டை போய்க் கதைப்பம் அப்பா, ப்ளீஸ்."

என் மகள், அண்ணை. என்னிடமிருந்து அவள் வேறு ஒன்றும் படிக்கவில்லை, இதை மட்டும் படித்திருக்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அவ சொன்னதை முழுக்கச் சொல்லு. ஒண்டும் விடாதை" என்றேன்.

சொன்னாள்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பஸ் எடுத்துத் தனியே வந்தீர்களாம். மெல்லிய ஜக்கெற். கையில் அக்கா சுட்ட ரோல்ஸ். மற்றக் கையில் அந்தக் கடதாசி. "வாசி" என்று நீட்டினீர்களாம். ஏன் உன் ஆட்கள் வாசிக்கவில்லையோ என்று மதாம் கேட்க, உங்கள் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சில் சொன்னீர்களாம்: "கார் வச்சிருக்கிற என்ர சிநேகிதன் நல்லவன். அவனால ஏலாது. நீ சொல்லுவாய்."

அவளுடைய புருசனுக்கும் இதே வருத்தம்தானாம், அதனால் கடிதத்தில் இருந்த சொற்கள் அவளுக்குப் பழக்கம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தீவனக் கடைக்காரர் கொடுத்துவிட்டுப் போன அடுத்த வருடத்துக் கலண்டரை எடுத்தாளாம். தை, மாசி, பங்குனி என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினாளாம். சித்திரைத் தாளில் அவளுடைய கை நின்றுவிட்டதாம். நீங்கள் தலையாட்டிவிட்டு, பூசணிக்காய்க் குவியலின் பக்கம் திரும்பி நின்று அழுதீர்களாம்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்க்கலாமோ என்று கேட்டீர்களாம். சனிக்கிழமை, சந்தை நாள், மதாம் கடையை மூடிவிட்டு வந்தாளாம். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் கரையில் உள்ள மர வாங்கிலில் இருந்தீர்களாம். திரும்பி வந்து, அவளுடைய பூசணிக்காய்கள் பிழையாக அடுக்கியிருக்கு என்று எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப அடுக்கினீர்களாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அழுதுகொண்டுதான்.

அண்ணை, அந்தச் சனிக்கிழமை எனக்கு நல்ல நினைவு. உங்களைக் காணவில்லை என்று அக்கா எனக்கு ரெலிபோன் அடித்து, நான் தெருத் தெருவாகக் கார் ஓடித் தேடினேன். பொழுதுபடும் நேரம் ஒரு பூசணிக்காயை அணைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். நான் ஏசினேன்.

"இந்தக் குளிருக்குள்ள எங்க திரியுறியள்? உங்களுக்கு என்ன விசரோ?"

"சூசையப்பர் மலைக்குப் போனனான். படியேறிக் களைச்சுப் போனன். இந்தா, கோயில் வாசல்ல வித்தாங்கள். பிள்ளைக்குக் கறி வச்சுக் குடு."

நான் நம்பினேன். மொன்றியலில் எந்தக் கோயில் வாசலில் கார்த்திகை மாதம் பூசணிக்காய் விற்கிறார்கள்? யோசிக்காமல் வாங்கிக்கொண்டு போய், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்துச் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.

நானும் அந்த வாங்கிலில் போய் இருந்தேன். ஆறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மண்ணிறமாகப் போய்க்கொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு போ என்று நீங்கள் மூன்று தரம் என்னைக் கேட்டது ஊர் பார்க்க அல்ல, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடதாசியைக் கேட்க. எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் வந்திருந்தால், நீங்கள் அழும்போது தோளைப் பிடிக்க ஒரு கை இருந்திருக்கும். ஒரு அந்நிய மனுசி கலண்டர் தாளைப் புரட்டித்தான் உங்கள் சாவு உங்களுக்குத் தெரிய வேண்டுமென்று ஆக்கிவிட்டேனே.

அதற்குப் பிறகும் நாலு மாதம், நான் வரும்போதெல்லாம் "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டீர்கள். "நல்லா வருதாம்" என்றேன் ஒவ்வொரு முறையும். "அப்ப சரி" என்றீர்கள். ஏன் கேட்டீர்கள்? நான் சொல்லட்டும் என்றோ? இல்லாவிட்டால், பாவம், இவன் பொய் சொல்லி ஆறுதல் படட்டும் என்றோ? இரவும் பகலும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

திரும்பி வந்ததும் அடுத்த சிக்கல். றோசம்மா அக்கா இன்றைக்கும் ஆரைக் கண்டாலும் சொல்வது ஒன்றுதான்: "என்ர மனுசன் ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் போனவர்." அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிற்கிறார். அதைப் போய் எப்படிப் பிடுங்குவது?

"விடுங்கோ. செத்த வீட்டை ஏன் திரும்பக் கிளறுறியள்?" என்றாள் என் மனிசி சகாயம்.

"அது பெரியம்மாவின்ர விசயம். நீங்கள் ஏன் முடிவெடுக்கிறியள் அப்பா?" என்றாள் டிலானி.

மூன்று கிழமை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தேன். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மேசையில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், ரோல்ஸ், கடதாசி, கலண்டர். கத்தி நின்றது. பிறகு கேட்டார்.

"அழுதவரோ?"

இல்லை என்று சொல்ல நாக்கு ஆயத்தமாக நின்றது அண்ணை. அவ்வளவு பழகிவிட்டது.

"ஓம் அக்கா. அழுதவராம்."

அக்கா வெட்டிய போஞ்சியையும் வெட்டாததையும் ஒன்றாகக் குவித்தார். "நான் கால் தடவிவிடேக்க கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். நித்திரையாக்கும் எண்டு நானும் பேசாமல் எழும்பிப் போவன். நாலு மாசம், தம்பி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் கூட ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன செய்வாய், நான்தானே சொல்லாதை எண்டனான்" என்றார். அந்த ஒரு வசனத்துக்குப் பதிலாக என்னை அடித்திருக்கலாம்.

"இப்ப நீ போ" என்றார். போனேன்.

அடுத்தநாள் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது ரெலிபோன். "அந்த மனுசியைப் பாக்கோணும். எப்ப கூட்டிக்கொண்டு போறாய்?"

இந்தக் கடிதத்தை எங்கள் கோயில் மலரில் போடட்டுமா என்று அவரிடந்தான் கேட்டேன். "போடு, என்ர பேரையும் போடு. நான் சொல்லித்தான் நீ சொல்லேல்லை எண்டதையும் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

வாற சனிக்கிழமை போகிறோம் அண்ணை. சகாயம் இப்போதே ரோல்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டாள். மதாம் சொல்வதை அக்காவுக்கும், அக்கா கேட்பதை மதாமுக்கும் டிலானி சொல்வாள். என் பிரெஞ்சுக்கு அன்றைக்கு லீவு. நான் காரை மட்டும் ஓட்டுவேன், வாயைத் திறக்க மாட்டேன். சத்தியமாக உங்களுக்குத் தருகிற வாக்கு இது: நீங்கள் இருந்த இடத்தில் அக்காவை இருத்திவிட்டு, நான் தள்ளிப் போய் நிற்பேன். "அழாதேங்கோ அக்கா" என்று ஓடிவர மாட்டேன். அவர் வேண்டிய மட்டும் அழட்டும்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
டிலானியின் அப்பா
அமலதாசன்